தொப்பிக்குக் கீழே எண்பது டிகிரி

லோரிஸ் ஸவோலி இருபத்தாறு வருடமாக ஒரே இயந்திரத்தோடு குடும்பம் நடத்தினவன். இத்தாலியில் ஃபோர்லி ஊருக்கு மேலே மலையடிவாரத்துத் தீவன மில்லில், அரைத்த மக்காச்சோளத்தையும் சோயாவையும் நீராவியில் வேகவைத்துக் குச்சித் தீவனமாகப் பிழிகிற இயந்திரம் அது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "இவளுக்கே என்னால ஈடு கொடுக்க முடியல" என்பான். சூட்டுமானியைத் திரும்பியும் பார்க்க மாட்டான். விழுகிற குச்சியில் ஒன்றை எடுத்துக் கடிப்பான்; பல்லில் டக்கென்று ஒடிந்தால் சரி. அப்படி ஒரு பல், அப்படி ஒரு திமிர்.

அவன் அண்ணன் செத்து இரண்டு வருடம் ஆகிறது. அண்ணி நீவெஸ் தனியாளாக ஆற்றோரத்தில் பதினாலாயிரம் கறிக்கோழி வளர்க்கிறாள். ஒற்றைப் பொம்பளை எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிப்பாள் என்று ஊர் பேசிக்கொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு லோரிஸுக்கு அவள் வீட்டில்தான். அக்டோபரில் ஒரு நாள், சூப்பை ஊற்றிக்கொண்டே அவள் சீண்டினாள்.

"உங்க மில்லுல இப்ப குச்சி போடுறீங்களா, மூஞ்சிக்குப் பூசுற பவுடர் போடுறீங்களா? பாதி தூளாப் போகுது. உனக்குப் பல்லு கொட்டிருச்சா லோரிஸ்?"

"பல்லெல்லாம் இருக்கு அண்ணி. புதுக் குஞ்சுக்கு வர்ற லோடைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கும்."

சொன்னபடியே அவளுக்குப் போகிற லோடுக்கு மட்டும் நீராவியைக் கூடுதலாகத் திறந்துவிட்டான். குச்சி கல்லாகத்தான் வந்தது.

சனியன் ஒரு காகிதத்தில் உட்கார்ந்திருந்தது. தானியத்திலிருக்கிற பாஸ்பரஸ் பூட்டிக் கிடக்கிற சத்து. கோழியின் வயிற்றுக்கு அதைத் திறக்கத் தெரியாது. அப்படியே எச்சத்தில் விட்டுவிடும், அது ஆற்றுக்குப் போய்ப் பாசி பிடிக்கும். அதனால் செப்டம்பரிலிருந்து மில்லில் ஒரு நொதிப் பொடி கலந்தார்கள். அது பூட்டைத் திறந்துவிடும் என்ற தைரியத்தில், எலும்புக்கென்று போடுகிற பாஸ்பேட் மாவைப் பாதியாகக் குறைத்தார்கள். ஆனால் நொதி சூடு தாங்காது. எண்பது டிகிரியைத் தாண்டக் கூடாது என்று எழுதி இயந்திரத்தில் ஒட்டியிருந்தார்கள். லோரிஸ் படிக்கத்தான் செய்தான். படித்துவிட்டு, "எனக்கே பாடமா" என்று அந்தக் காகிதத்தின் மேலேயே தொப்பியை மாட்டினான்.

நவம்பரில் வந்த குஞ்சுகள் பன்னிரண்டாம் நாளே நொண்டின. அந்த ஞாயிற்றுக்கிழமை நீவெஸ் சூப்பு வைக்கவில்லை.

"குஞ்சுக்கு அடியில பரப்பின கூளம் ஈரமாயிருச்சு. என் தப்புதான். ராவெல்லாம் மழை பெஞ்சுது, நான் கவனிக்கல" என்றாள்.

லோரிஸ் ஒரு குஞ்சை எடுத்துப் பார்த்தான். கால் ரப்பர் குழாயாக வளைந்தது. ஈரத்தில் கால் புண்ணாகும், வளையாது. மறுநாள் காலை மில்லுக்குப் போனதும் தொப்பியை எடுத்துவிட்டுக் காகிதத்தைப் படித்தான். அவள் லோடுக்குத் திறக்கிற அளவுக்கு நீராவியைத் திறந்துவிட்டுச் சூட்டுமானியைப் பார்த்தான். தொண்ணூற்று மூன்று.

சூட்டைக் குறைத்து, அன்றைக்கே அவளுக்கு நல்ல தீவனம் அனுப்பினான். யாரிடமும் வாய் திறக்கவில்லை. நல்லதைத் தின்றால் தானாக எழுந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் தேற்றிக்கொள்கிறார்கள். நொண்டுகிற குஞ்சு தீவனத் தட்டுவரைக்கும் நடக்க வேண்டாமா?

அந்த வாரம் முழுக்க நீவெஸ் ஷெட்டுக் கூளத்தை வாரிக் கொட்டி, புது வைக்கோல் பரப்பினாள். சாயங்காலமானால் போன் செய்வாள். "உங்க அண்ணன் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா லோரிஸ்? எனக்குக் கோழி வளர்க்கத் துப்பில்ல" என்று அழுவாள். அவன் "ம்ம்" என்பான்.

வெள்ளிக்கிழமைதான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டாள். அவர் ஒரு கால் எலும்பை விரலால் வளைத்துக் காட்டினார்.

"கூளமெல்லாம் இல்லம்மா. பாஸ்பரஸ் சேரல, தீவனத்துல ஏதோ கோளாறு. திங்கக்கிழமை தெரிஞ்சிருந்தா, குடிக்கிற தண்ணியில பாஸ்பேட் கலந்து கொடுத்தே பாதிக்கு மேல காப்பாத்தியிருக்கலாம். இனிமே படுத்ததை எல்லாம் கழிச்சுடுங்க. பட்டினியில சாகவிடாதீங்க."

மருத்துவர் போன பிறகு லோரிஸும் வந்து சேர, இருவரும் படுத்த குஞ்சுகளின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தார்கள். நீவெஸ் நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டிப் பார்க்க ஒரு நாதி வரல. நீ ஒருத்தன்தான் வந்தே."

அதை லோரிஸால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, நான்தான் இதுக்கெல்லாம் காரணம். கல்லு மாதிரி குச்சி வரட்டும்னு நீராவியைக் கூட்டினேன். பொடி வெந்து செத்துப்போச்சு."

அவள் தன் கையிலிருந்த குஞ்சைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டுத்தானே செஞ்சே" என்றாள் பிறகு, மெல்ல. அவன் உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவள் அடுத்ததைக் கேட்டாள். "எப்ப தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை."

"தினம் போன்ல அழுதேனே. ம்ம், ம்ம்னு கேட்டுட்டுத்தானே இருந்தே."

அவன் கையிலிருந்த குஞ்சை நீவெஸ் வாங்கிக்கொண்டாள்.

"நீ போ லோரிஸ். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

திருக வேண்டிய மிச்சம் ஆறாயிரம் இருந்தது.