வயர் செருகாத கீபோர்டு

விசையை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், விரலை எடுத்தால் மெல்லிசாக இன்னொரு 'டிக்'. பழைய மெக்கானிக்கல் கீபோர்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு விசைக்கு அடியிலும் இருக்கும் தனி ஸ்பிரிங்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நானும் வாங்குகிறவள்தான், ஆனால் எனக்கு அது நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸின் சாயங்காலச் சத்தம், அவ்வளவுதான்.

அம்மா மந்தாரக்குப்பத்தில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆபீஸை மூடியபோது, தான் அடித்த கீபோர்டை மட்டும் கேட்டு வாங்கி, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? வயர் எதிலும் செருகாமல் தரையில் கிடக்க, சமையல் முடிந்ததும் அதன் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, பழகிய ஆபீஸ் கடிதங்களை வாய்க்குள் முணுமுணுத்தபடி அடிப்பாள். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வரும் அப்பா செருப்பைக் கழற்றும்போதே, "என்னா, ஆபீஸ் தொறந்தாச்சா?" என்று சீண்டுவார்.

"சிரிங்க, சிரிங்க. அடிச்சிகினே இருந்தாதான் கை மறக்காது. சொல்லி வச்ச எடத்துல எப்ப கூப்புடுவாங்கன்னு யாரு கண்டா?"

யாரும் கூப்பிடவில்லை.

ஆயுத பூஜைக்கு அப்பாவின் ஹெல்மெட் பக்கத்தில் கீபோர்டுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. முதல் நாளே விசைகளைப் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் அலசி முறத்தில் காயவைப்பாள். அடியில் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரித் தூசி அப்பியிருக்கும். ஒரு வருஷம் அவற்றைத் திரும்ப மாட்டும் வேலையை நான் பிடுங்கிக்கொண்டதில் 'ஜி'யும் 'எச்'சும் இடம் மாறிவிட்டன. அம்மா மாற்ற விடவில்லை. "இருக்கட்டும் பாப்பா. நான் என்னா எழுத்தப் பாத்துகினா அடிக்கிறேன்?"

நான் ஹாஸ்டலில் படிக்கும்போது அம்மா செத்துப்போனாள். அடுத்த வருஷமே அப்பா ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, லாரியில் ஏறாத சாமான்களோடு அதுவும் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

அன்றிலிருந்து எந்தப் பழைய கீபோர்டைக் கண்டாலும் முதலில் அந்த இரண்டு எழுத்தைத்தான் பார்ப்பேன். போன மாதம், சேகரிப்பவர்களின் இணையக் குழுவில் புதுச்சேரிக்காரர் ஒருவர், பண்ருட்டியில் பழைய சாமான் கடையில் எடுத்தது என்று, சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு படம் போட்டிருந்தார். முதல் படத்தில் 'ஜி' இடத்தில் 'எச்' இருந்தது. மறுநாளே சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

"ஒரே கரித்தூசி மேடம், புல்லா கழுவிட்டேன். ரெண்டு எழுத்து மாறிக் கெடந்துச்சு, சரி பண்ணிட்டேன்," என்றார், பெருமையாக. "ஸ்பேஸ் பார்ல மட்டும் கட்டைவெரல் பட்டுப் பட்டு ஒரு எடம் வழவழன்னு தேஞ்சி அசிங்கமா இருந்துச்சு. கழட்டிட்டுப் புதுசு போட்டுட்டேன்."

"அந்தப் பழசு இருக்குங்களா?"

"குப்பைல போட்டுட்டேனே மேடம்."

பாவம், அவர்மேல் என்ன தப்பு? மனசு வைத்துச் செய்த வேலை. வாங்கி வந்து, 'ஜி'யையும் 'எச்'சையும் பழையபடி மாற்றி மாட்டி, வயர் செருகாமலே மேசையில் வைத்திருக்கிறேன். சத்தம் அப்படியே அதே சத்தம். அம்மாவின் கட்டைவிரல் இருந்த இடம் மட்டும் புத்தம் புதிதாக, சொரசொரவென்று இருக்கிறது.