பயந்தால் கையெழுத்து

என் நண்பனின் அப்பா ஒரு தடவையாவது பயப்பட வேண்டும். அந்தப் படம் எடுக்கப்பட்டதன் நோக்கம் அது ஒன்றுதான்.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாங்கள் மூன்று பேர் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். நண்பனின் அப்பாவுக்கு அரிமளத்தில் ஜவுளிக்கடை. பட்டம் வாங்கியதும் மகன் கடையில் உட்கார வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். சென்னையில் சினிமா ஒளிப்பதிவு படிக்க வேண்டும் என்று மகன் முடிவு செய்திருந்தான். விண்ணப்பப் படிவத்தில் தகப்பனார் கையெழுத்துக்கு ஓர் இடம் விடப்பட்டிருந்தது. இரண்டு மாதமாக அது காலியாகவே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை கடையில் பேச்சு முற்றியது. நான் அங்கே ஒரு துண்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

“நான் ஒரு பேய்ப் படம் எடுக்கப் போறேன்ப்பா. பாத்தா நீங்களே பயந்துருவீங்க.”

“நானா? சுடுகாட்டைத் தாண்டித்தான்டா தெனம் கடைக்கு வாரேன்.”

“பயந்தா கையெழுத்துப் போடுவீங்களா?”

கடையில் அப்போது நான்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கையிலிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லுங்க மொதலாளி, நாங்க சாட்சியா இருக்கோம்ல” என்றார். மாட்டேன் என்றால் பயந்துவிட்டார் என்று ஊரே சொல்லும். அவர் போடுவதாக ஒப்புக்கொண்டார். பயப்படாவிட்டால் படிவத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மகன் கல்லாவுக்கு வந்துவிட வேண்டும்.

நண்பனின் தாய்மாமா மலேயாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். வரும்போது சாவி கொடுத்து ஓட்டும் சின்ன சினிமா கேமரா ஒன்றும், படம் காட்டும் கருவி ஒன்றும் கொண்டுவந்திருந்தார். மிச்சம் இருந்தவை இரண்டு பிலிம் சுருள்கள். ஒரு சுருள் நான்கு நிமிடம் ஓடும். ஆக, ஒரு ஜவுளி வியாபாரியைப் பயமுறுத்த எங்களுக்கு எட்டு நிமிடம் இருந்தது.

அறையில் மூன்றாமவன் ஆறடிக்கு மேல் உயரம். அதனால் அவன்தான் பேய். பேய் துரத்தும் ஆள் நான். வெள்ளைச் சேலை கட்டிய பேயாகத்தான் முதலில் யோசித்தோம். பேய்க்கு என்று கேட்டால் எந்த வீட்டிலும் சேலை தரமாட்டார்கள் என்பது மூன்றாவது வீட்டில் விளங்கியது. கடைசியில் விடுதிப் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு அவன் வராந்தாவில் நடந்து காட்டினான். கணுக்காலுக்கு மேல் ஒன்றரை அடி தெரிந்தது. அந்தப் பக்கமாக வந்த சமையல்காரர், “என்னங்க தம்பி, குளிக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை பேய் தன் வீட்டுக்குப் போய் ஒரு துணிமூட்டையுடன் திரும்பி வந்தான். அவன் அப்பா சமஸ்தானத்தில் சேவகம் பார்த்தவர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது வேலை போனது, உடுப்பு மட்டும் பெட்டியில் தங்கிவிட்டது. நீண்ட வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போகும் சிவப்பு டவாலி, அதன் நடுவே உள்ளங்கை அகலப் பித்தளை வில்லை. போட்டுக்கொண்டு கதவருகே நின்றான். அறையில் இருந்த நாங்கள் இருவரும் எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றோம். நண்பன் சொன்னான்: “இதான்டா பேய்.”

கதை உடனே மாறியது. செத்துப்போன சேவகர் ஒருவர் ஒருவனுக்குக் கொடுக்கவேண்டிய சம்மனைக் கொடுக்காமல் செத்துவிட்டார். அதைக் கொடுக்க வருகிறார். கதை அவ்வளவுதான்.

ஷாட்டுகளை நண்பன் ஒரு நோட்டில் எழுதியிருந்தான். அவனுக்கு ஒரே ஒரு கொள்கை: முழு ஆளைக் காட்டக்கூடாது. முதலில் செருப்பு. அதற்காகக் கேமராவை ஒரு செங்கல்லின் மேல் வைத்து, அவன் மண்ணில் குப்புறப் படுத்துக்கொள்வான். பிறகு டவாலியும் வில்லையும் மட்டும், கழுத்துக்கு மேலே இல்லை. பிறகு சுருட்டிய காகிதம் பிடித்த கை. பிறகு யாருமில்லாத வாசல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான் கதவைப் பார்ப்பேன். எட்டு நிமிடப் படத்தில் பதினோரு முறை கதவைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் செருப்பு இன்னும் பெரிதாகத் தெரியும், வாசல் இன்னும் கிட்டத்தில் இருக்கும். கடைசி ஷாட்டில்தான் முகம்.

அரிமளத்துக்கு வெளியே பூட்டிக் கிடந்த மாமாவின் பழைய வீட்டில் வேலை தொடங்கியது. வெளிச்சம் வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பகல் பதினோரு மணிக்கு எடுத்தோம். முதல் ஷாட்டுக்காகப் பேய் வரப்பில் நடந்து வர வேண்டும். பாதி வரப்பில், பக்கத்து வயலிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“ஐயா, எப்ப வந்தீங்க? நல்ல காலம் வந்தீங்க. கம்மாக்கரையை வெட்டி வரப்புல சேத்துக்கிட்டான்யா இங்கிட்டு உள்ளவன்.”

“நான் அது இல்லீங்க. நான் பேய்ங்க.”

பெரியவர் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். வில்லையில் பார்வை நின்றது.

“பேயா இருந்தா என்னங்க? ஆபீஸ்ல சொல்லுங்க.”

அதற்குள் இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். சமஸ்தானம் திரும்ப வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். எப்போது போனது என்று இன்னொருவர் கேட்டார். சினிமா எடுக்கிறோம் என்று நண்பன் மண்ணில் படுத்தபடியே விளக்கினான். “அது ஒங்க சோலிங்க. ஐயா அவர் சோலியைப் பாக்கட்டும்” என்று பதில் வந்தது. பெரியவர் வீட்டுக்குப் போய், முன்பே எழுதி வைத்திருந்த மனு ஒன்றைக் கொண்டுவந்து பேயின் கையில் கொடுத்து, கும்பிட்டுவிட்டுப் போனார். படத்தில் பேய் கையில் சுருட்டிப் பிடித்திருப்பது அந்த மனுவைத்தான். மறுவாரம் அதைத் திருமயம் தாலுகா ஆபீசில் சேர்த்தோம். யார் கொடுத்து அனுப்பியது என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

முகத்துக்குத்தான் நேரம் பிடித்தது. அரிசி மாவு, கண்ணைச் சுற்றி விளக்குக் கரி, தேங்காய்ச் சில்லில் செதுக்கிய இரண்டு கோரைப் பற்கள். இரண்டு மணி நேரம். ஒத்திகையில் பேய் பற்களைத் தின்றுவிட்டதால் மறுபடி செதுக்க வேண்டியதாயிற்று. உடுப்பில் கரி பட்டால் அவன் அப்பா கொன்றுவிடுவார் என்று கழுத்தில் ஒரு துண்டைக் கட்டியிருந்தான். எடுக்கும்போது அதை அவிழ்க்க மறந்துவிட்டோம்.

சுருள்கள் தபாலில் பம்பாய்க்குப் போய், கழுவப்பட்டு, மூன்று வாரத்தில் திரும்பின. படம் காட்டும் நாளாக வெள்ளிக்கிழமை மத்தியானத்தை நண்பனின் அப்பாவே குறித்தார். கடைக்குப் பின்னாலிருந்த சரக்குக் கிட்டங்கியில் ஜன்னல்களைச் சாத்தினால் நல்ல இருட்டு. திரைக்கு ஆறு கெஜம் மல் துணியைக் கொடுத்து, “கசங்காமக் கட்டு. நாளைக்கு விக்கணும்” என்றார்.

பயம் என்றால் என்ன என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும் என்றார் கடைக் கணக்குப்பிள்ளை. அவர் அப்பாவின் தரப்புச் சாட்சி. மகனின் தரப்புக்கு நான். அரை மணி நேரப் பேச்சுக்குப்பின் மூன்று அறிகுறிகளை ஒப்புக்கொண்டோம்: நாற்காலியை விட்டு எழுவது, கண்ணை மூடுவது, கேலி இல்லாமல் வாய்விட்டு ஏதாவது சொல்வது. “முருகா” என்று சொன்னால் கணக்கில் வராது. உட்காரும்போதும் எழும்போதும் கொட்டாவி விடும்போதும் முதலாளி அதைச் சொல்லுவார். நான் படத்தைப் பார்க்கக்கூடாது, அவர் முகத்தை மட்டும் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். பின்னாளில் பத்திரிகையில் சேர்ந்த என் முதல் செய்திச் சேகரிப்பு என்று அதைச் சொல்லலாம்.

ஆகவே நான் கண்டது இவ்வளவு. படம் தொடங்கியதும் “முருகா” என்று உட்கார்ந்தார். கதவைப் பார்க்கும் என்னைத் திரையில் கண்டு, “இந்தத் தம்பிக்குக் கழுத்துச் சுளுக்கா?” என்றார். மகன் தலை குனிந்ததைக் கண்டேன். செருப்பு வந்தது. அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை செருப்பு வந்தபோது மடிப்பது நின்றது. வில்லை திரை முழுவதும் வந்தது. அவர் கை வெற்றிலையை மடியில் போட்டுவிட்டு இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்குப் போனது. காகிதம் பிடித்த கை கதவைத் தட்டியது. படத்துக்கு ஒலி கிடையாது. ஆனால் அவர் எழுந்தார்.

“மேல ஒண்ணும் இல்லீங்க,” என்றார் திரையைப் பார்த்து. “பழைய சாக்குதாங்க.”

அவருக்குப் பின்னால் கணக்குப்பிள்ளையும் எழுந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “வாங்க, வாங்க. மோர் சாப்புடுங்க” என்றார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிற்பாடு கணக்குப்பிள்ளைதான் சொன்னார். யுத்த காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது, இதே கிட்டங்கியின் பரணில் கணக்கில் வராத துணி பேல்கள் இருந்தன. ஒரு நாள் தாலுகா கச்சேரியிலிருந்து வில்லைச் சேவகர் ஒருவர் வந்து வாசலில் நின்றார். வேறு ஏதோ காகிதம் கொடுக்க வந்தவர். கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்தச் செருப்புச் சத்தம் முன்பக்கப் பட்டாசாலையைத் தாண்டி வந்த அரை நிமிடத்தில் முதலாளியின் வேட்டி வேர்வையில் நனைந்துவிட்டதாம்.

திரையில் அடுத்தது கடைசி ஷாட். முகம் வந்தது. மாவு, கரி, தேங்காய்ப் பற்கள், கழுத்தில் கோடு போட்ட துண்டு. அவர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் விழுந்து, இருமல் வரும்வரை சிரித்தார்.

ஜன்னலைத் திறந்தோம். நான் நோட்டைப் படித்தேன்: எழுந்தார், வாய்விட்டுப் பேசினார். மூன்றில் இரண்டு.

“சிரிச்சேனே, அதை எழுதுனியா தம்பி?”

“எழுதியிருக்கேங்க. அது அப்புறம்.”

“நான் பேய்க்குப் பயப்படலை. சேவகருக்குப் பயந்தேன். பேச்சு பேயைப் பத்தித்தான்.”

“அந்தச் சேவகர்தாம்ப்பா பேயி,” என்றான் மகன். படிவம் அவன் சட்டைப்பையிலிருந்து பாதி வெளியே தெரிந்தது.

“செத்தவருன்னு எனக்கு எப்படிடா தெரியும்? உசுரோட வந்தவரு மாதிரில்ல வந்தாரு.”

“அப்படித் தெரியணும்னுதாம்ப்பா எடுத்தேன்.”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப எதுக்குடா கடைசியில அந்த மொகத்தைக் காட்டுன? அது வரைக்கும் எனக்கு மூச்சு நின்னு போச்சு. அதைக் காட்டாம விட்டிருந்தா இன்னைக்குச் சோறு எறங்கியிருக்காது. கூறு கெட்டவனே, எல்லாத்தையும் கெடுத்துட்டியே!”

“ரெண்டு மணி நேரம் போட்ட மொகங்க,” என்றது பேய், மனம் நொந்து.

கணக்குப்பிள்ளை மெல்லச் செருமினார். “முதலாளி, மூச்சு நின்னுச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் ஒங்க சாட்சிதான். ஆனா நானும் அவருக்கு மோர் வேணுமான்னு கேட்டுட்டேன். என்ன பண்றது?”

அப்பா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். கையை நீட்டினார். மகன் படிவத்தை ஒரு துணிப்பீஸின் மேல் விரித்துக் கொடுத்தான். பேனாவை இரண்டு முறை உதறிவிட்டு, நிறுத்தி நிதானமாக முழுப் பெயரையும் எழுதினார். எழுதி முடித்ததும் பேயின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி, உடுப்பு யாரோடது?”

“எங்கப்பாவோடதுங்க.”

“இருக்காரா? எந்தக் கச்சேரியில இருந்தாரு?”

“கச்சேரியில இல்லீங்க. அரண்மனைத் தோட்டத்துல பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்துனாரு. பெரியவங்க வாரப்ப மட்டும் இதை மாட்டிக்கிட்டு கேட்டுல நிப்பாராம்.”

ஜவுளிக்கடைக்காரர் திரைத்துணியைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். கை மெதுவாக அதன் பக்கம் நகர்ந்தது. அதற்குள் மகன் அதை மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா” என்று வாசலுக்கு ஓடினான். மை இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவன் பனியனில் அப்பாவின் பெயர் இடவலம் மாறிப் பதிந்திருந்ததைப் புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் பார்த்தோம். படிவத்திலும் படிக்கிற அளவுக்கு மிச்சம் இருந்தது. அன்றே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம்.