போளை வைத்த சவர்க்காரப் போத்தல்

எமிலியானுஸ் என்றால் ஊர்காவற்றுறையில் எல்லோருக்கும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். 1956ஆம் ஆண்டு, இருபத்தெட்டு வயதில், அனலைதீவுக்கு ஓடும் மோட்டர் வள்ளத்தில் இயந்திரம் பார்க்கச் சேர்ந்தவர். பழுதான இயந்திரத்தைத் திறக்காமலே, ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, குறை எங்கே என்று சொல்லிவிடுவார். தண்ணீர் இறைக்கும் பம்பு, தையல் மெஷின், கோயில் மணிக்கூடு எல்லாம் அவரைத் தேடி வரும். அதிகம் கதைக்கமாட்டார். ஒரு சாமானையும் எறியவும்மாட்டார். வெறும் தகரப் பேணி, வெறும் போத்தல் எது கிடைத்தாலும் கழுவிக் காயவைத்து, அதற்குள் வேறு எதையாவது போட்டு வைப்பார்.

அந்தப் பழக்கம்தான் மாக்கிறேற்றின் கண்களைக் கொண்டுபோனது.

மாக்கிறேற் அவருடைய மனைவி, கரம்பொன்னில் பிறந்தவள். கலியாணம் செய்த நாளிலிருந்து அவருடைய எண்ணெய்ச் சட்டைகளோடு மல்லுக்கட்டினவள். வீட்டுக் கிணற்றில் இருந்தது சவர்த் தண்ணீர். அதில் சவர்க்காரம் நுரைக்காது. நல்ல காலத்திலேயே இரண்டு மடங்கு சவர்க்காரம் போட்டால்தான் ஊத்தை போகும். 1973இல் நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, சங்கக் கடையில் வரிசையில் நின்றும் சவர்க்காரம் இல்லையென்று வெறுங்கையோடு திரும்பி வருவாள்.

எமிலியானுஸ் வீட்டிலேயே சவர்க்காரம் காய்ச்சத் தீர்மானித்தார். தேங்காயெண்ணெய் இருந்தது. அதோடு சேர்க்க, பட்டால் தோலைப் பொசுக்கும் கோஸ்ரிக் சோடாவை யாழ்ப்பாணத்தில் தேடித் திரிந்து வாங்கி வந்தார். மாரி காலம். சோடா இருந்த கடதாசிப் பை ஈரத்தில் நசநசக்கத் தொடங்கியது. குசினித் தட்டில், மாக்கிறேற் சலவைத் தூள் போட்டு வைக்கும் பால்மாப் பேணி மூன்று மாதமாக வெறுமையாக இருந்தது. சோடாவை அதற்குள் கொட்டி மூடிவிட்டு, பின்னேரம் வந்து சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு, விடிய முதல் வள்ளத்துக்குப் போய்விட்டார்.

மாக்கிறேற் எழும்பிப் பேணியைத் தூக்கிப் பார்த்தாள். பாரமாக இருந்தது. மனுசன் எங்கேயோ தூள் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து, சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அவளுக்குச் சந்தோசம். பேசினுக்குள் அள்ளிப் போட்டு, எண்ணெய் போகட்டும் என்று கொதித்த தண்ணீரை ஊற்றினாள். அது பொங்கிச் சீறி முகத்தில் அடித்தது.

பக்கத்து வீட்டு அந்தோனியம்மா குளறல் கேட்டு ஓடிவந்து, வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். அதனால் முகம் தப்பியது. கண்கள் தப்பவில்லை. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஏழு கிழமை கிடந்து வெளியே வந்தபோது, வலது கண்ணில் வெளிச்சம் எது நிழல் எது என்பது மட்டும் தெரிந்தது. இடது கண்ணில் அதுவும் இல்லை.

முதல் நாள் டொக்ரர் எமிலியானுசைக் கேட்டார்: "எப்பிடி நடந்தது?"

"பேணி மாறிப்போச்சு, டொக்ரர்."

பொய் என்று சொல்லமுடியாத சொல். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் மாக்கிறேற்தான் பேணியை மாற்றி எடுத்தாள் என்று விளங்கிக்கொண்டார்கள். அவர் திருத்தவில்லை. அடுத்த நாள் அவர்களுடைய ஒரே மகள் மேரிஜோசப்பின் பள்ளிக்கூட உடுப்போடு கட்டிலடியில் நின்று அழுதாள். பதினான்கு வயது அவளுக்கு.

"அம்மா, மணந்தாவது பாத்திருக்கலாமே? ஏனம்மா இப்பிடிக் கவனமில்லாமல் செய்தனீங்கள்?"

கண்கள் இரண்டும் கட்டப்பட்டிருந்த மாக்கிறேற் வாய் திறக்கவில்லை. எமிலியானுஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் போனபிறகு, சொல்வதற்கு வேறு நிமிடம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. மனைவியிடம்கூட அதைப்பற்றி அவர் கதைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மாக்கிறேற் தடவித் தடவி வீட்டைப் பழகிக்கொண்டாள். சமைத்தாள், தேங்காய் துருவினாள், முற்றம் கூட்டினாள். உடுப்புத் தோய்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள். பேணிக்குள் தூள் கலகலக்கிற சத்தம் கேட்டாலே அவளுடைய கைகள் தானாக முகத்தைப் பொத்திக்கொள்ளும். எனவே எமிலியானுஸ் வள்ளத்தால் வந்து, வாழைப்பாத்தி ஓரமாக இருந்து அவளுடைய சேலைகளையும் உள்ளுடுப்புகளையும் தோய்த்தார். போவோர் வருவோர், "எப்பேர்ப்பட்ட மனுசன்!" என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் பலமாகச் சேலையைக் கும்முவார்.

மேரிஜோசப்பின் தாதியாகப் படித்து, 1979இல் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். மறுவருடம் லீவில் வரும்போது உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஒன்றைக் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றுவித்துக் கொண்டுவந்தாள். மேலே மூடி, முன்னுக்கு இரண்டு திருகிகள். தண்ணீரை வாளியால் ஊற்றவேண்டும். மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும். தாயின் விரல்களைப் பிடித்துத் திருகிகளில் வைத்து, எத்தனை தரம் திருப்பவேண்டும் என்று மூன்று நாள் பழக்கினாள். தூளுக்கும் வழி வைத்திருந்தாள். தண்ணீரில் போட்டால் உறையோடு கரைந்துபோகும் பைக்கற்றுகள், ஐம்பது.

ஏழு வருடத்துக்குப் பிறகு மாக்கிறேற் தன் சேலையைத் தானே தோய்த்தாள். மெஷின் ஓடும்போது அதன் மூடியில் கையை வைத்தபடி நிற்பாள். வீட்டுக்குள் அவள் பாடுவதை எமிலியானுஸ் அந்தக் காலத்தில்தான் மறுபடியும் கேட்டார்.

ஐந்து மாதத்தில் பைக்கற்றுகள் முடிந்தன. அப்படியொன்று யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் இல்லை.

"தூளை நான் போட்டுவிடுறன். நீர் திருகியை மட்டும் திருப்பும்," என்றார் எமிலியானுஸ்.

"வேண்டாம். இந்த ஒண்டையாவது ஒருத்தரும் பக்கத்தில நிக்காமல் செய்வமெண்டு இருந்தனான்," என்றாள் அவள்.

எமிலியானுஸ் அன்றைக்கே தொடங்கினார். தூளை அவள் தொடக்கூடாது, மணக்கக்கூடாது, அது கலகலக்கிற சத்தமும் கேட்கக்கூடாது. கிழமைக்கொருமுறை அவர் நிரப்பி வைத்தால், ஒவ்வொரு தடவையும் அளவான தூள் மட்டும் தண்ணீருக்குள் போகவேண்டும். கரைந்து முடிகிற பைக்கற் இல்லை. திரும்பத் திரும்ப நிரப்பி, வருடக்கணக்காகப் பாவிக்கிற ஒரு பாத்திரம்.

முதலில் செய்தது தகரத்தில். ஆணியால் துளைபோட்ட தகரக் குவளை. மெஷினுக்குள் அது உருண்ட சத்தத்தில் மாக்கிறேற் குசினியை விட்டே வெளியே போய்விட்டாள். இரண்டாம் கிழமை கறள் பிடித்து, அவர் உடுக்கும் வெள்ளைச் சாரத்தில் மண்ணிறப் பொட்டுகள். அடுத்தது பிளாஸ்ரிக் எண்ணெய்ப் போத்தல். அது தண்ணீரில் மிதந்தது. மீன் வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றைக் கட்டினார். குண்டு தொட்டியைக் கொத்தியது. ஓரத்தில் கொழுவித் தொங்கவிட்டார். கடற்காற்றுக்கும் சவர்த் தண்ணீருக்கும் உள்ளே தூள் கல்லாக இறுகிப்போய்விட்டது. துளையைப் பெருப்பித்தால் ஒரே நாளில் எல்லாம் கொட்டும். சிறுப்பித்தால் ஒன்றும் வராது.

இப்படி ஒன்பது மாதம். வேலையால் வந்து தேத்தண்ணீரைக் குடித்ததும் குடியாததுமாக வளவிலிருந்த தன் வேலைக் கொட்டிலுக்குள் போய்விடுவார். ஒருநாள் மாக்கிறேற் சுவரைத் தடவிக்கொண்டு கொட்டில் வாசலுக்கு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, இதை எனக்காகவோ செய்யிறியள், உங்களுக்காகவோ?"

அவர் அரத்தைக் கீழே வைத்தார். அவள் வந்த மாதிரியே சுவரைத் தடவிக்கொண்டு போனாள்.

கடைவீதியில் சோடாக்கடை வைத்திருந்த மார்க்கண்டுவின் கடையில்தான் வழி பிறந்தது. சோடாப் போத்தலின் கழுத்துக்குள் உருளும் கண்ணாடிக் குண்டான போளை, வாயை அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் வெளியே விடாமல் நிற்பதைப் பார்த்தபடி எமிலியானுஸ் குடிக்க மறந்து இருந்தார்.

"என்னண்ணை, சோடா சரியில்லையே?" என்றான் மார்க்கண்டு.

"சோடா நல்லம். உடைஞ்ச போத்தல் ஏதும் கிடந்தால் போளையை மட்டும் எனக்குத் தா."

கடைசியாக வந்த பாத்திரம் இரண்டு அறை வைத்த பிளாஸ்ரிக் போத்தல். மேல் அறையில் தூள். கீழ் அறை முழுவதும் ஊசித் துளைகள். நடுக்கழுத்தில் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய றப்பர் வளையம், அதன்மேல் போளை. ஒருதரம் கவிழ்த்து நிமிர்த்தினால் ஒரு தடவைக்குரிய தூள் கீழே இறங்கும். உடனே போளை உருண்டுவந்து கழுத்தை அடைக்கும். அடைக்கும்போது "டக்" என்று சத்தம் வரும். கண் தெரியாவிட்டாலும், தூள் இறங்கிவிட்டது என்று அந்தச் சத்தம் சொல்லும். போத்தலைத் தொட்டி ஓரத்தில் கொழுவிவிட்டால், தண்ணீர் கீழ் அறைக்குள் புகுந்து தூளைக் கரைத்துக்கொண்டு போகும். மேல் அறை காய்ந்தபடி இருக்கும்.

மாக்கிறேற்றின் கையில் கொடுத்தார். அவள் மூன்றுதரம் வெறும்போத்தலைக் கவிழ்த்து நிமிர்த்தி, மூன்றுதரமும் "டக்" சத்தத்தைக் கேட்டாள். பிறகு, "சரி, நிரப்புங்கோ," என்றாள். அன்றிலிருந்து அவள் தன்பாட்டில் தோய்த்தாள்.

1981 மார்கழியில், நத்தார்ப் பெருநாளுக்கு மேரிஜோசப்பின் வந்தாள். பைக்கற் இல்லாமல் மெஷின் கிடப்பில் கிடக்கும் என்று நினைத்து ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தவள், தாய் போத்தலைக் கவிழ்த்துத் தொட்டியில் கொழுவுவதைப் பார்த்து வாயில் கைவைத்தாள். போத்தலைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தாள். அன்று மத்தியானம், சாப்பாட்டு மேசையில், அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"அம்மா, நீங்கள் குடுத்துவைச்சனீங்கள். உங்கட கவலையீனத்தால வந்த வினைக்கு, அப்பா இத்தனை வருசமா எவ்வளவு பாடு படுறார்!"

மாக்கிறேற் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

எமிலியானுஸ் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"கொம்மா ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை," என்றார். "அவவின்ர தூள்ப் பேணிக்குள்ள சோடாவைக் கொட்டினது நான். சொல்லாமல் வேலைக்குப் போனதும் நான்தான்."

"இஞ்சாருங்கோ, பேசாமல் சாப்பிடுங்கோ," என்றாள் மாக்கிறேற்.

"இல்லை, சொல்லவேணும். பேணி மாறிப்போச்செண்டு டொக்ரரிட்டைச் சொன்னதும் நான்."

மேரிஜோசப்பின் தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். "எட்டு வருசம்," என்றாள். "எட்டு வருசமா நான் அம்மாவை ஏசிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். ஆஸ்பத்திரியில, என்னோட படிச்ச பிள்ளையளிட்ட, குவைத்தில, எல்லா இடமும் அம்மாவின்ர கவனக்குறைவெண்டு சொல்லித் திரிஞ்சிருக்கிறன். நீங்கள் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போனாள். இன்னும் பன்னிரண்டு நாள் லீவு இருந்தது. அது முடியமுன்னமே, நத்தார்ப் பூசை முடிந்த மூன்றாம் நாள் கொழும்புக்குப் புறப்பட்டாள். தாயைக் கட்டிப்பிடித்து, அவளுடைய இரண்டு கண்களிலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். படலையில் நின்ற தகப்பனைத் தாண்டிப் போய்ப் பஸ் ஏறினாள்.

பஸ்ஸின் சத்தம் அடங்கும்வரை மாக்கிறேற் வாசற்படியில் நின்றாள்.

"ஏன் சொன்னனீங்கள்?" என்றாள். "எனக்குத்தானே கண் இல்லை. அவளுக்கு ஒரு அப்பா இருக்கட்டுமெண்டுதான் நான் இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

"என்னால ஏலாமல் போச்சு, மாக்கிறேற்."

"ஓம். உங்களுக்குப் பாரம் இறங்கிப்போச்சு."

அவளுக்குக் கோபம் இருக்கவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள். இத்தனை வருடம் அவள் கட்டிக் காத்த ஒன்றை, தன் மனம் ஆறுவதற்காகத் தான் உடைத்துவிட்டதை அப்போதுதான் எமிலியானுஸ் விளங்கிக்கொண்டார்.

கடிதங்கள் மாதம் தவறாமல் வந்தன. "அன்புள்ள அம்மாவுக்கு" என்று தொடங்கும். முன்பெல்லாம் "அம்மா அப்பாவுக்கு" என்றுதான் எழுதுவாள். மாக்கிறேற்றுக்கு வாசிக்க முடியாது. எனவே தன்னைப்பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தக் கடிதங்களை எமிலியானுசே வாசித்துக் காட்டினார். ஒருமுறை, மாக்கிறேற்றின் மனம் நோகும் என்று, கடைசியில் "அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று தானாகச் சேர்த்து வாசித்தார்.

"அப்பிடி அவள் எழுதேல்லை," என்றாள் மாக்கிறேற். "எழுதினதை மட்டும் வாசியுங்கோ."

பதிலை அவள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். "அப்பா சுகமாக இருக்கிறார், இருமல் குறைந்துவிட்டது" என்று ஒவ்வொரு கடிதத்திலும் அவள் சொல்லுவாள். தன்னைப்பற்றித் தன் கையாலேயே எழுதும்போது பேனை தயங்கும். எழுதுகிற சத்தம் நின்றதைக் கேட்டு அவள், "எழுதிப்போட்டியளோ?" என்பாள்.

1982 ஆனியில் வந்த கடிதத்தின் நடுவில் இரண்டு வரி இருந்தது: "இங்கே நாங்கள் நான்கு பேர் ஒரு வீட்டில் இருக்கிறோம். உங்களுடைய மெஷினில் உள்ளது போன்ற போத்தல் ஒன்று அனுப்பமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள்."

யாரைக் கேட்பது என்று எழுதியிருக்கவில்லை. எமிலியானுஸ் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனார். அந்தப் போத்தலுக்கு இருபது நாள் எடுத்தார். றப்பர் வளையம் நாலு வெட்டி நாலாவதை வைத்தார். புளியங்கூடலிலிருந்து குவைத்துக்குப் போன ஒருவரிடம் பழஞ்சேலைத் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு கடிதம் வைக்க நினைத்து, நாலைந்து வரி எழுதி, பிறகு கிழித்துவிட்டார்.

ஆவணியில் மறுமொழி வந்தது. வெயில் குறைந்த பின்னேரம். மாக்கிறேற் கதிரையில் இருந்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வேலை, வெக்கை, கூட இருக்கும் பிள்ளையின் கலியாணப் பேச்சு. பிறகு: "போத்தல் கிடைத்தது. நன்றாக வேலை செய்கிறது."

எமிலியானுஸ் நிறுத்தினார். பிறகு அந்த வரியை மறுபடியும் வாசித்தார்.

"ஏன் ரண்டுதரம் வாசிக்கிறியள்?" என்றாள் மாக்கிறேற்.

"ரண்டுதரமே வாசிச்சனான்?"

அவள் கையை நீட்டித் தடவி, கடிதத்தைப் பிடித்திருந்த அவருடைய மணிக்கட்டைக் கண்டுபிடித்தாள். "மிச்சத்தை வாசியுங்கோ," என்றாள்.

கீழே மகளின் கையெழுத்துத்தான் இருந்தது.

"அவ்வளவுதான்," என்றார்.