மூச்சு சார்

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'பத்து நிமிஷம்'. வேலை நாட்களில் மதியச் சாப்பாட்டுக்கு முன் தில்லி அண்ணன் அதில் ஒரே ஒரு சொல் போடுவார். 'வாங்க.' ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறுவோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அவர் பெயர் திரையில் தெரிந்தது. கிழமை மறந்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். 'அப்பா தவறிட்டாங்க. வீட்டுக்கு வாங்க.' அவர் மகள் எழுதியிருந்தாள்.

அதிலும் அந்தச் சொல் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த மாடியில் அவரோடு உட்கார்ந்தவர்களுக்குத் தில்லிபாபுவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்கியவர்கள், அது ஒழுகும்போது கூப்பிட்டுப் பேசும் அலுவலகம் எங்களுடையது. எங்களிடம் பேசிப் பொறுமை இழந்து, "உங்களுக்கு மேல யாரு கீறாங்களோ அவங்கள குடு" என்பவர்களின் அழைப்பு அவருக்குப் போகும். ஆகவே, நாள் முழுவதும் அவரிடம் பேசியவர்கள் எல்லோரும் கோபத்தில் இருந்தவர்கள்.

"மத்தவங்களுக்கு வேலைல திட்டு வரும். எனக்குத் திட்டு வாங்கறதுதான் வேலையே," என்பார்.

கோவில்பதாகையில் அவர் வீட்டுத் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள். வெயில். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரனான நசீரும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் அண்ணனின் பள்ளிக்கூட நண்பர் ஒருவர், ஆட்டோ ஓட்டுபவர், யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"டெய்லி மூச்ச இழுத்து இழுத்து உட்டுகினு இருந்தான். எங்களையும் வா வான்னு உயிர எடுத்தான். இப்ப இன்னா ஆச்சு? நான் பீடி குடிச்சிகினு நல்லாதான் கீறேன்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். அதனால் யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

இறங்கும்போது நசீர் கேட்டான். "நாளைக்கு மேல போறமா, இல்ல வேணாமா?"

தெரியவில்லை என்றேன். அந்த வாரம் யாரும் மேலே போகவில்லை.

தில்லி அண்ணன் அமைதியான மனிதர் அல்ல. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரங்கல் பதாகையில் சாந்தமாகச் சிரிக்கும் படத்தைப் போட்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நான் சேர்வதற்கு முன்பு, ஓர் அழைப்பு முடிந்ததும் ஹெட்செட்டை மேசையில் அடித்து உடைத்தவர் அவர். அந்தக் கதையை அவரே சொல்வார். இரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், வேலையை மாற்றச் சொன்னாராம்.

"மாத்த முடியாது டாக்டர், பொண்ணு படிக்குதுன்னேன். அப்ப மூச்சயாவது மாத்துன்னாரு. ஆவடி பார்க்குல ஓசில யோகா சொல்லித் தராங்கன்னு போனேன். மொத நாளு கண்ண மூடுனா, கஸ்டமர் மொகம்தான் வருது. பாக்காத மொகம். ஆனாலும் வருது."

பார்க்கில் கற்றதை அலுவலக மாடிக்குக் கொண்டுவந்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழல். விரிப்பாக, எங்கள் நிறுவனத்தின் பழைய விளம்பர ஃபிளெக்ஸ். கையில் கண்ணாடித் தம்ளரோடு சிரிக்கும் பெண்ணைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டிருப்பார். வெள்ளைப் பக்கத்தில் நாங்கள். கழுத்தைச் சுழற்றுவது, தோளை இறக்குவது, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது. இவ்வளவுதான். தலைகீழாக நிற்கக் கற்றுத்தரச் சொன்ன நசீரிடம், "நீ நேரா நின்னு நான் பாத்ததில்ல, மச்சான். மொதல்ல அத கத்துக்க," என்றார்.

யாராவது தாமதமாக வந்தால் கண் திறக்காமலே திட்டுவார். "லேட்டா வர்றவங்க டென்ஷன குறைக்க வர்ல. குடுக்க வர்றாங்க."

எனக்கு ஆரம்பத்தில் இதில் நம்பிக்கை இல்லை. பல்கலைக்கழகத்தில் படித்தவற்றின் மிச்சம் தலையில் இருந்தது. வேலையைக் குறைக்காமல் வேலை செய்பவரை மூச்சு விடச் சொல்வது ஒரு தந்திரம் என்று தோன்றியது. ஒருநாள் படியிறங்கும்போது அவரிடமே கேட்டேன். நாம் அமைதியானால் லாபம் யாருக்கு, அண்ணா?

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கம்பெனி சம்பளம் குடுக்கறது பேசறதுக்கும்மா. மூச்சுக்கு எவனும் குடுக்கல. அது நம்பள்து."

அதைச் சொல்லோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. நிர்வாகத்திலிருந்து ஒருவர் எங்களைப் படம் எடுத்து நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட விரும்பினார். தலைக்குமேல் நிறுவனப் பெயர்ப்பலகை கட்டினால் நன்றாக இருக்கும் என்றார். "கண்ண மூடிகினு கீற ஆள ஃபோட்டோ புடிக்கறது தப்பு சார். தூங்கறவன் பாக்கெட்ல கை வுடற மாதிரி," என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்த ஆண்டு அவருக்குக் கிடைக்கவேண்டிய பாராட்டு கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டோம். அவர் மறுநாளும் 'வாங்க' என்றுதான் போட்டார்.

இனி, அவருக்குப் பட்டப்பெயர் வாங்கித்தந்த அந்த அழைப்பு.

கோபக்காரரோடு பேசும்போது நடுவில் மியூட் பட்டனை அழுத்திவிட்டு ஒரு நீண்ட மூச்சு எடுப்பது அவர் பழக்கம். தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சத்தமாகவே எடுப்பார். அவர் கை உயர்வதைப் பார்த்து எங்கள் வரிசை முழுக்க இழுத்து விடும். ஒருநாள் பட்டன் சரியாக அழுந்தவில்லை. அது அவருக்குத் தெரியாது. பிசகிய அழைப்புகளை மாதக் கூட்டத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது எங்கள் அலுவலக வழக்கம். அப்படித்தான் கேட்டோம்.

ஒரு பெரியவர் கத்திக்கொண்டிருந்தார். சமையலறை முழுக்கத் தண்ணீர், ஆள் வரவில்லை, காசு வாங்கத் தெரிகிறதே. பிறகு அண்ணனின் குரல்: "இழு. மெதுவா. வை. இப்ப வுடு." மறுமுனையில் மௌனம். அண்ணன் மறுபடியும்: "இன்னொரு தபா. இழு. அவசரமில்ல. வுடு."

பிறகு பெரியவரின் குரல், வேறு மாதிரி.

"வுட்டுட்டேன் சார். அடுத்து இன்னா பண்ணணும்?"

கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது. மேலாளர் சிரிக்கக்கூடாது என்று கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். அண்ணன் மட்டும் காது சிவக்க உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அதே பெரியவர் மறுபடி கூப்பிட்டார். அழைப்பு எனக்கு வந்தது. "மிஷின் இன்னும் ஒழுகிகினுதான் கீது. அது கெடக்கட்டும். அந்த மூச்சு சார் கீறாரா?"

பெயர் நிலைத்துவிட்டது. காவலாளிகூட அப்படித்தான் அழைத்தார். பெரியவரின் வீட்டுக்கு ஆள் போய்ச் சரிசெய்யும்வரை, யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார் மூச்சு சார்.

எல்லா நாளும் இப்படி இல்லை. ஒருமுறை நசீர் தவறான முகவரியைப் பதிந்ததற்காக எல்லோர் முன்னாலும் கத்தினார். பிறகு மாடிக்குத் தனியாகப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இறங்கிவரும்போது கையில் பஜ்ஜிப் பொட்டலம். வழியில் வாங்கியிருக்க முடியாது. கீழே போய், வாங்கி, மறுபடி மேலே ஏறி, எங்களுக்குத் தெரியும்படி இறங்கியிருக்கிறார். நசீரின் மேசையில் வைத்தார்.

"இன்னிக்கு மூச்சு வேலை செய்யல, நைனா. நாளைக்கு செய்யும்."

அவர் இறந்த அந்த வாரத்தின் கடைசியில், அவர் மேசையிலிருந்த தம்ளரையும் முதுகு மெத்தையையும் எடுத்துக்கொண்டு நசீரும் நானும் கோவில்பதாகைக்குப் போனோம். அவர் மனைவி சுமதி அண்ணி டீ போட்டார். கதவருகே அவருடைய செருப்பு அப்படியே இருந்தது. எங்கள் அலுவலகத்தில் யாரோ கிளப்பிவிட்டிருந்த ஒரு கதையை நசீர் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணன் தியானத்துல இருக்கும்போதே போய்ட்டாருன்னு சொல்றாங்க, அண்ணி."

"தியானமும் இல்ல ஒண்ணும் இல்ல. டீ குடிச்சிட்டு பேப்பர் பாத்துகினு இருந்தாரு. தோசைக்கு இன்னா சட்னின்னு கேட்டாரு. நான் திரும்பறதுக்குள்ள சாஞ்சிட்டாரு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கேட்கவேண்டியது ஒன்று இருந்தது. கேட்டுவிட்டேன். பந்தலில் அப்படிப் பேசினார்களே, இவ்வளவு யோகா செய்து என்ன பயன் என்று.

அண்ணி என்னை ஒரு கணம் பார்த்தார். கோபப்படவில்லை.

"அவரு இன்னா சாவாம இருக்கறதுக்கா பண்ணாரு? ஊட்டுக்கு வந்து கத்தாம இருக்கறதுக்குப் பண்ணாரும்மா. முன்னெல்லாம் அவரு வண்டி சத்தம் கேட்டா எம் பொண்ணு டிவிய அணைச்சிட்டு உள்ள ஓடிடும். அப்பறம் அதே சத்தத்துக்கு வெளிய ஓடி வரும். இத்தினி வருஷம் அத பாத்துட்டேன். போதும் எனக்கு."

நசீர் டீத் தம்ளரைக் கீழே வைத்தான்.

திங்கட்கிழமை மதியம் குழுவில் 'வாங்க' என்று வந்தது. நசீரின் எண். நான் ஓர் அழைப்பில் மாட்டிக்கொண்டு பிந்தி ஏறினேன். ஃபிளெக்ஸ் விரித்திருந்தது. எல்லோரும் கண் மூடியிருந்தார்கள். என் காலடி கேட்டதும், நசீர் கண் திறக்காமல், அண்ணனின் அதே குரலில் சொன்னான். "லேட்டா வர்றவங்க டென்ஷன குறைக்க வர்ல."

மூடிய கண்களோடு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு மூச்சு மட்டும். தொலைவில் ஆவடி ரயில்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அழைப்பு முடிந்து அடுத்தது ஒலிப்பதற்கு நடுவே ஒரு சிறிய இடைவெளி உண்டு. அதில் ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுகிறேன். யாராவது கத்தும்போது, பேச்சின் நடுவிலும். அவரைப் போலவே சத்தமாக. மியூட் பட்டன் சரியாக அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.

சில நாட்கள் வேண்டுமென்றே பார்ப்பதில்லை.