பிடரியில் அரை விரல் நீளம்

கல்லடிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கழுத்து இறுகிப்போயிருந்தது. ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி, உடம்பு முழுவதையும் திருப்பித்தான் லொறியைப் பார்த்தேன். சாரதி ஏதோ ஏசிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கும் காலம் அது. நாள் முழுக்கக் குனிந்தபடி தையல் மெஷினில் இருப்பேன். “போதும், எழும்பு” என்று சொல்ல வீட்டில் ஒருவருமில்லை. கணவர் இறந்து மூன்று வருடம். பிள்ளைகளும் இல்லை.

நோவு தாங்காமல் அந்தப் புதன்கிழமை பிசியோதெரபிக்குப் போனேன். சிகிச்சை தந்தவள் காத்தான்குடிப் பிள்ளை. என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடரிக்குக் கீழே கொடுத்தாள்.

“இதுதான் அக்கா. மண்டையோட்டுக்கும் முள்ளந்தண்டுட முதல் எலும்புக்கும் நடுவில ஒரு சின்னத் தசை. பக்கத்துக்கு ஒண்டு. அரை விரல் நீளமும் வராது.”

“அந்தச் சின்னனா இவ்வளவு நோவு தருது?”

“ஓம். அதுக்குப் பெரிய பலமில்ல. தலை எந்தப் பக்கம் சாயுது எண்டு மூளைக்குச் சொல்லுறதுதான் அதுட முக்கியமான வேலை. தலையத் திருப்பாம கண்ணை மட்டும் திருப்பினாலும் அந்த இடத்துத் தசையெல்லாம் தயாராகிரும். கைவெச்சுப் பாருங்க.”

நான் பார்க்கவில்லை. அவளுடைய விரல்கள் இளஞ்சூடாக இருந்தன. அளவெடுக்கும்போது எத்தனையோ பேரின் தோளையும் இடுப்பையும் நான் தொடுகிறேன். என்னைத் தொட்டவர்கள் என்று இந்த மூன்று வருடத்தில் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

“நோகுதாக்கா?”

“ஓம், கொஞ்சம்.”

“இத ஊட்டுலயும் செய்யணும். தலையப் புடிக்க ஆரும் இரிக்காங்களா?”

“ஓம், அவர் இருக்கார்.”

அந்தச் சொல் எப்படி வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

“அப்ப அடுத்த புதன் அவரையும் கூட்டிட்டு வாங்க. காட்டித்தாறன்.”

வீட்டுக்கு வந்து தரையில் படுத்தேன். பிடரியில் விரல்களை வைத்துக் கண்களை மட்டும் இடப்பக்கம் கொண்டுபோனேன். விரல் நுனிக்குக் கீழே எதுவோ மெல்லத் துடித்தது. அப்போது வெளியே கேற் திறக்கும் சத்தம். தலை அசையவில்லை, ஆனால் கண்கள் வாசலுக்குப் போயின. விரலுக்குக் கீழே அது மறுபடி துடித்தது. பக்கத்து வீட்டுக் கேற்றுத்தான். இந்த மூன்று வருடமும் கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கும்.

அடுத்த புதன் தனியாகத்தான் போனேன்.

“அவர் வரல்லையா?”

“அவர் செத்துட்டார், பிள்ள. போன கிழமை நான் பொய் சொன்னன்.”

அவள் துவாய் ஒன்றை எடுத்துச் சுருட்டி என் பிடரிக்குக் கீழே வைத்தாள். துவாயின் இரு முனைகளையும் பிடித்து, தலையை எப்படி மெல்ல இழுப்பது என்று காட்டினாள். நானே செய்யக்கூடியதுதான். பத்துத் தரம் செய்யவைத்தாள்.

“இது போதும் அக்கா. இனி நீங்க வரத் தேவையில்ல.”

நல்ல செய்திதான். ஆனாலும் நான் எழும்பவில்லை.

“ஒருக்காக் கையால பார்த்தா நல்லம்,” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சிகிச்சைக் கார்டை வாங்கி அடுத்த புதன்கிழமையை எழுதினாள். இன்னும் நான்கு கிழமை, புதன்தோறும் போனேன். மூன்றாவது கிழமையிலேயே கழுத்து நன்றாகத் திரும்பியது. நான் சொல்லவில்லை. தொட்ட கைக்குத் தெரிந்திருக்கும்.