மீனுக்கு மனை பார்ப்பவர்

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் நின்றபடி, கம்பால் அடியைக் குத்திப் பார்க்கிறார் ஆண்டியப்பன். கம்பின் நுனியில் ஒட்டியதை முகர்ந்தும் பார்க்கிறார். "சேறு. இதுல எவன் குடி வருவான்?" துப்பிவிட்டு இரண்டடி தள்ளிப் போகிறார்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் குளத்துக்குக் காவல் இவர். போன வருடம் வெள்ளைக்காரத் துரை திலாப்பியா மீன்களை வாங்கி இதில் விட்டார். மாசிக்குள் குஞ்சு காணாவிட்டால் காவலும் வேண்டாம், ஆண்டியப்பன் பழையபடி தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போகட்டும் என்றும் சொல்லிவிட்டார். ஐம்பத்தைந்து வயது முதுகு அதற்கு வளையுமா?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மூட்டை சுமந்து, இன்று ஹட்டனில் இரண்டு கடைக்கு முதலாளி. இடம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தேன். மீனுக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று ஆண்டியப்பன் சொல்லக் கேட்ட அன்றுதான் தோற்றேன்.

"ஆம்பள மீன்தாங்க எடம் பாக்குறது. தண்ணி ஆழமில்லாம, வெயில் விழணும். சேத்துல குழி சரிஞ்சிடும், கல்லுல தோண்ட முடியாது. குறுமணல் வேணும். வாயால அள்ளித் துப்பித் துப்பி, தாம்பாளம் மாதிரி குழி எடுப்பான். பொம்பள வந்து பாத்து, புடிக்கலேன்னா போயிக்கிட்டே இருப்பா. எங்க வீட்டுக்காரியும் முன்னாடியே வந்து என் காம்பராவ பாத்திருந்தா, நான் இன்னிக்கும் பிரம்மச்சாரிதாங்க."

மீன்கள் கடைசியில் பிடித்த இடம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் துணி துவைக்கும் துறை. வருடக் கணக்காக அவர்கள் மிதித்து அலசியதில் சேறு போய், மணல் மட்டும் நின்ற இடம். ஆறு குழிகள். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, துணி மூட்டையோடு வந்த லயத்து மீனம்மாவை ஆண்டியப்பன் கைகளை விரித்து மறித்துக்கொண்டிருந்தார்.

"காலு வைக்காத தாயி. உள்ள ஆறு குடும்பம் இருக்கு."

"ஒரே காம்பராவுல நாங்க ஒம்பது பேரு கெடக்கோம். மீனுக்கு ஆளுக்கொரு வீடாண்ணே?"

கூட வந்த பேச்சியம்மா சிரித்த சிரிப்பில் கொக்கு பறந்தது.

"இருவது நாளுதான். மேல பீலியில கொட்டுற ஊத்துத் தண்ணியில தொவைச்சுக்கங்க."

"அந்த மேட்டுக்கு மூட்டைய யாரு தூக்குறது? ஒங்க மீனா?"

ஆண்டியப்பன் மீனம்மாவின் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டில் நாலடி ஏறித் திரும்பிப் பார்த்தார். பேச்சியம்மா சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரை நோக்கிக் காலைத் தூக்கினாள். அவசரமாக இறங்கி வந்து, அவள் மூட்டையையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.