தலைகீழ் சார்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்றேகால். அண்ணன் நடத்திய பின்னப் பாடத்தைப் பிள்ளைகள் எந்த இடத்தில் விட்டுப் போகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைத் தங்கை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் அண்ணி.

"காமிராவைப் போட்டுட்டு உட்கார்ந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. டாக்டர் வந்து பார்த்துட்டு, இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாரும்மா. நீ கிளம்பி வா."

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். போனை மேசையிலேயே விட்டுப் பாதிப் படி இறங்கி, திரும்ப ஏறினாள்.

அண்ணன் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றபின், தங்கை வேலை பார்த்த இணையப் பள்ளிக்கு வீட்டிலிருந்தே பாடங்களைப் பதிவு செய்துகொடுத்தார். பின்னத்தால் வகுக்கும் இடம் வந்தால், "தலைகீழா போடு, பெருக்கு, ஜோலி முடிஞ்சுது" என்பார். பிள்ளைகள் அவருக்குத் தலைகீழ் சார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது காதுக்கு எட்டியதும், "பட்டப்பேர் இல்லாதவனெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று அண்ணியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

பிள்ளைகள் பாடத்தை எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே திருப்பிப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் விட்டுப் போனவர்கள் திரும்பி வருவதே இல்லை என்று கவனிப்பதுதான் தங்கையின் வேலை. பெயர்கள் அவளுக்குத் தெரியாது; புள்ளிகள்தான் தெரியும். போன மாதம் வரைபடத்தை அண்ணனிடம் கொண்டுபோனாள்.

"நீ தலைகீழா போடுங்கிற இடத்துல மலை மாதிரி ஏறுது பாரு அண்ணா. திரும்பத் திரும்பப் பார்க்கிறாங்க."

"பார்க்க மாட்டாங்களா பின்ன? என் சரக்கு அப்படி."

"அவசரப்படாதே. பக்கத்துலயே பள்ளம் இருக்கு. நாலு தடவை பார்த்துட்டுப் போயிடறாங்க. திரும்பி வர்றதே இல்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"ஆடத் தெரியாமத்தானே உன்கிட்ட வராங்க?"

அவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் தலைகீழா போடணும்னு நான் சொன்னதே இல்லையோ?"

"எனக்கும் நீதான் சொல்லிக்கொடுத்தே. சொன்னதில்ல."

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆயுசு முழுக்கச் சொன்ன ஒரு வரிக்குக் காரணம் தேடினார். சாப்பிடும்போதே தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தாளில் கட்டம் போட்டார். அண்ணியின் தையல் பெட்டியிலிருந்த ரிப்பனையெல்லாம் வெட்டினார். "அடுத்தது ஜன்னல் திரைதான். உங்க அண்ணனை வந்து என்னன்னு கேளு" என்று அண்ணி போனில் முறையிட்டாள்.

கடைசியில் பிடிபட்டது. மூன்று மீட்டர் ரிப்பனில் கால் மீட்டர் துண்டு எத்தனை? ஒரு மீட்டருக்கு நாலு, மூன்றுக்குப் பன்னிரண்டு. வகுக்கப் போனவன் தானாகவே பெருக்கிவிட்டான். ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பதிவு செய்தார். பழைய பாடத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டார்கள். பிள்ளைகள் விட்டுப் போகவில்லை.

"பள்ளம் தூர்ந்துடுச்சு அண்ணா."

"பாதிதான். பின்னத்துல மேல ஒண்ணு இருந்தா சரி. மூணுல ரெண்டுன்னு வந்தா ரிப்பன் மக்கர் பண்ணுது. நாளைக்குக் காலையில அதையும் முடிச்சுடறேன்."

அந்தக் காலையில்தான் அவர் போனார்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியதும் மேலாளர் கூப்பிட்டார். "பாடம் பாதியில நிக்கக் கூடாதும்மா. சாரோட பழைய பாடத்தையே திரும்பப் போட்டுடலாமா?"

"போட்டா மறுபடியும் அதே இடத்துல போயிடுவாங்க சார்."

"அப்ப மீதியை நீயே பேசிடேன். உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். இரண்டு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு மீட்டர் துண்டுகள் ஆறு. இரண்டிரண்டாகச் சேர்த்தால் மூன்று. மூன்றால் பெருக்கி இரண்டால் வகுத்தாயிற்று, அவ்வளவுதான். தாளில் போட்டால் தடங்கலே இல்லை. ஆனால் அண்ணன் அறையில் காமிராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும் பேச்சு வரவில்லை. அணைத்தாள். ஜன்னல்வரை நடந்தாள். மறுபடி போட்டாள். வாசலில் நின்ற அண்ணி, "நான் வேணா வெளியே இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். அப்போதும் வரவில்லை.

பழைய பாடத்தைத் திரும்பப் போட அவள் சம்மதிக்கவில்லை. பின்னப் பாடம் இப்போது கால் மீட்டர் துண்டுகளோடு நிற்கிறது. இரண்டை மூன்றில் இரண்டால் வகுக்கும் பகுதி இன்னும் பதிவாகவில்லை.